ஆடிக் காற்றை நம்பாதே

அன்புள்ள தேனுவுக்கு,

அத்தை எழுதுகிறேன். ஆளையே இழுக்கும் பவர் கைட் பட்டம் வாங்கக் காசு சேர்த்துவிட்டாயாம், ஆடி பிறந்ததும் கச்சிராயபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் விடப்போகிறாயாம். அண்ணன் போனில் சொன்னபோது குரலில் பாதி பெருமை, பாதி பயம். எந்த ஹெல்மெட் வாங்குவது என்று என்னைக் கேட்கச் சொன்னாயாம். சொல்கிறேன். ஆனால் ஹெல்மெட்டுக்கு வருவதற்குள் நாலு விஷயம் இருக்கிறது. அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே.

2021 டிசம்பரில் யாழ்ப்பாணம் பருத்தித்துறையில் நடந்ததை நீயும் போனில் பார்த்திருப்பாய். அந்தப் பக்கம் பட்டம் என்றால் நம் ஊர்க் காத்தாடி அளவு இல்லை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டியே நடக்கும். ஆள் உயரத்தைத் தாண்டிய பட்டங்களை ஒரு கூட்டமே சேர்ந்து கயிறு பிடித்து ஏற்றும். அன்றைக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். பட்டம் வெட்டி இழுத்ததும் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் விடவில்லை. முப்பது அடி உயரத்துக்குப் போய்க் கயிற்றில் தொங்கினான். எப்படியோ உயிர் பிழைத்தான்.

அவன் ஏன் விடவில்லை என்று பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திடீரென்று இழுபட்டால் மனுஷக் கை இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும், திறக்காது. கால் தரையில் இருக்கும்போது விட்டால் ஒன்றுமில்லை. அந்த ஒரு நொடி போனபின் பிடித்திருந்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. அதனால் நீ முதலில் பழக வேண்டியது பட்டத்தைத் திருப்புவதை அல்ல, கையைத் திறப்பதை. பட்டத்தைக் கீழே போட்டுவிட்டு, வெறும் கைப்பிடியை நீ பிடித்துக்கொள், கயிற்றை அண்ணனிடம் கொடுத்து இழுக்கச் சொல். அண்ணன் 'விடு' என்றதும் விடு. யோசிக்காமல் விரல் திறக்கும்வரை செய். நாலு கயிறுள்ள பட்டம் வாங்கினால் பிரேக் கயிற்றில் மாட்டும் மணிக்கட்டு வார் இருக்கும். கைப்பிடியை விட்டதும் அது பிரேக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொள்ளும், பட்டம் காற்றிழந்து விழும். அது இல்லாமல் நாலு கயிற்றுப் பட்டத்தைத் தொடாதே. இடுப்பில் கட்டும் ஹார்னஸ் இந்த வருஷம் வேண்டவே வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் காத்தாடி விட்ட எல்லோருக்கும் உண்டு. இதில் அது கூடாது. இந்தப் பட்டத்துக்குக் கட்டும் டைனீமா நூல் மெல்லிசு, ஆள் எடையைத் தாங்கும், சதையைக் கிழிக்கும்.

இனி பட்டத்தின் கணக்கு கொஞ்சம். குச்சி இல்லாத துணிப் பட்டம் இது. முன்பக்கம் வாய் திறந்த அறைகள். காற்று உள்ளே புகுந்து விமான இறக்கை மாதிரி விறைத்துக்கொள்ளும். டோமினா ஜல்பெர்ட் என்ற அமெரிக்கர் 1960களில் கண்டுபிடித்த வடிவம். பட்டத்தால் வண்டி இழுப்பது அதற்கும் முந்தியது. இங்கிலாந்தில் பிரிஸ்டலைச் சேர்ந்த ஜார்ஜ் போக்காக் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1826இல் குதிரையில்லாத பட்ட வண்டிக்குக் காப்புரிமையே வாங்கினார். கதை கிடக்கட்டும். நீ மனசில் வைக்க வேண்டியது ஒன்று: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. மணிக்கு 12 கிலோமீட்டர் காற்றில் செல்லமாக ஆடிய பட்டம், 24இல் வீசும் ஒரே வீச்சில் உன்னை வரப்பு தாண்ட வைக்கும். அதோடு பட்டம் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது சாது. காற்று போகும் திசையில், உனக்கு நேர் எதிரே தாழ்வாகக் குறுக்கே பாயும்போதுதான் முழு பலத்தையும் காட்டும்.

இப்போது நம்ம ஊர்க் காற்றுக்கு வருகிறேன். ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே என்ன இருக்கிறது? கல்வராயன் மலை. மேற்கே இருந்து வரும் காற்று அந்த முகடுகளில் ஏறி இந்தப் பக்கம் இறங்கும்போது ஒழுங்காக இறங்காது. உருண்டு, மடிந்து, விட்டு விட்டு அடிக்கும். ஒரு நிமிஷம் இலை அசையாது, அடுத்த நிமிஷம் தகரக் கூரை தடதடக்கும். மலை உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்கு இந்தக் கலக்கம் இருக்கும். அடிவாரம் அதற்கு நட்ட நடுவில் கிடக்கிறது. அம்மி பறக்கும் மாதத்தில் கற்றுக்கொண்டால் சீக்கிரம் வரும் என்று நீ நினைத்திருப்பாய். பட்டம் கற்க பலமான காற்று தேவையில்லை, ஒரே சீராக வரும் காற்று போதும். தூத்துக்குடியில் நான் பழகியபோது கடலிலிருந்து தடையில்லாமல் வந்த காற்று அது. உனக்குக் கடல் இல்லை. அதனால் மாசி வரை காத்திரு. அப்போது கிழக்கிலிருந்து சமவெளி மேல் தவழ்ந்து வரும் காற்றுக்கு மலை குறுக்கே நிற்காது. நடுமதியம் வேண்டாம், பங்குனி, சித்திரை வெயிலில் தரிசு நிலத்தில் பேய்க்காத்து கிளம்புமே, புழுதியைச் சுருட்டிக்கொண்டு, அது பட்டத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே முடியாது. இலையும் சின்னக் குச்சியும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தால் விடலாம். புழுதியும் காகிதமும் எழும்ப ஆரம்பித்தால் மடித்து வை.

கல்வராயன் மலை மேலே வெள்ளிமலைப் பக்கம் சமமாகத் தெரிகிறதே என்று கேட்பாய். தெரியும், ஆனால் சமம் இல்லை. அந்தப் பீடபூமி முழுக்க மடிப்பு மடிப்பாக இறங்கும். ஒவ்வொரு மடிப்பும் காற்றை ஒரு பக்கம் திருப்பும். மரவள்ளி போட்டிருக்கும் நிலம் யாரோ ஒருவருடைய பிழைப்பு. மலைவாழ் மக்களின் கொல்லையில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது, காப்புக்காட்டுக்குள் போகவே கூடாது. அடிபட்டால் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கித்தான் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும். மலைக்கு அருவி பார்க்கப் போ.

கீழேயே தண்ணீர் வற்றிய ஏரி, பெரிய மைதானம் பார். போனதும் பட்டத்தைப் பிரிக்காதே, ஒரு சுற்று நடந்து வா. நான் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று, மின்கம்பி, கரும்புக் காட்டுக்கு மேலே போகும் லைன் தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது, கம்பத்தைத் தேடு. பட்டம் கம்பியில் மாட்டினால் கைப்பிடியைப் போட்டுவிட்டு விலகு, இ.பி.க்குப் போன் பண்ணு, துரட்டியோடு ஓடாதே. இரண்டு, கிணறு. நம் பக்கத்து வயல் கிணறுகளில் பாதிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பின்னால் நடந்தபடி அண்ணாந்து பார்க்கும் விளையாட்டுக்கும் மூடாத கிணற்றுக்கும் ஒத்துவராது. காற்று போகும் பக்கம் நூறு மீட்டராவது வெற்றிடம் வேண்டும், வேடிக்கை பார்க்கும் பொடியன்கள் எல்லோரும் உன் முதுகுக்குப் பின்னால்.

சரி, ஹெல்மெட்.

இதில் இரண்டு விதமாக விழுவார்கள். பட்டத்தை எதிர்த்துப் பின்னால் சாய்ந்து நிற்பாய். இழுப்பு சட்டென்று அறுந்தால் மல்லாந்து விழுவாய், பின்மண்டை தரையில் அடிக்கும். அல்லது முன்னால் இழுபட்டுக் குப்புற விழுவாய். அதனால் பின்மண்டையைக் கீழே வரை மூடும் ஹெல்மெட் வேண்டும். அண்ணனுடைய பைக் ஹெல்மெட் ஐஎஸ் 4151 முத்திரை உள்ளதுதான், பலமானதுதான். ஆனால் கனம் கழுத்தை இழுக்கும், காதை அடைத்துக் காற்றின் சத்தத்தை மறைக்கும், அண்ணாந்து பார்க்க விடாது. கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பி மேலிருந்து விழும் பொருளுக்கு. கிரிக்கெட் ஹெல்மெட் பந்துக்கு. தண்ணீர் விளையாட்டு ஹெல்மெட்டில் இஎன் 1385 என்று இருக்கும். அதை வெகு மென்மையான அடிக்குத்தான் சோதிப்பார்கள், கட்டாந்தரைக்குப் போதாது. பாராகிளைடிங் ஹெல்மெட், இஎன் 966, கிடைத்தால் முதல் தரம், விலையும் அப்படித்தான். உனக்கு ஸ்கேட்டிங் ஹெல்மெட் போதும்: உருண்டையாக, பின்மண்டை மூடி, உள்ளே இஎன் 1078 என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

அந்த 1078 என்றால் என்ன என்றும் தெரிந்துகொள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பில் போட்டுச் சோதிக்கிறார்கள், மோதும் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது நீ நின்ற இடத்தில் விழுந்தால் தலையைக் காக்கும். பருத்தித்துறைப் பையன் தொங்கிய உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் ஐம்பதை நெருங்கும். அதற்குக் கடையில் ஹெல்மெட் விற்பதில்லை. முதலில் கையைப் பற்றி இவ்வளவு எழுதியது அதனால்தான்.

உள்ளே இருப்பது தெர்மாகோல். ஒரு முறை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், அதோடு அதன் வேலை முடிந்தது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் தூக்கிப் போடு. இதனாலேயே பழைய ஹெல்மெட் யார் கொடுத்தாலும் வாங்காதே. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மறைப்பு இருந்தால் கழற்று, மேலே கேமரா மாட்டாதே; இரண்டிலும் கயிறு சிக்கும். பட்டம் உன் தலையைப் பிடித்து இழுத்தால் வீடியோ நன்றாகத்தான் வரும், நீ பார்ப்பதற்கு இருக்க வேண்டுமே. வெயிலில் வண்டி மேல் வைத்துவிட்டுப் போகாதே. வியர்வைக்குச் சோப்புத் தண்ணீர் போதும், தின்னர், பெட்ரோல் படக்கூடாது.

போட்டுப் பார்க்கும்போது தாடை வாரை மாட்டி, பின்னாலிருந்து மேல் நோக்கித் தள்ளு. நெற்றிக்கு நழுவி வந்தால் அது உன் அளவு இல்லை. வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், கை போகக்கூடாது. உன் ஜடை ஒரு பிரச்சினை. கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னால் உட்காராது, தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னி, சட்டைக்குள் செருகிக்கொள். கூடவே முழங்கால், முழங்கை உறை, கணுக்கால் மூடும் ஷூ, கையுறை. சீமைக்கருவேல முள்ளுக்கு ஜீன்ஸ்.

முதல் பட்டம் இரண்டு கயிறு, இரண்டு சதுர மீட்டருக்கு மேல் வேண்டாம். பெரிசு வாங்கினால் காசு மிச்சம் என்று கடைக்காரர் சொல்வார்; அவருக்கு மிச்சம். பட்டம் பறப்பதைப் பார்த்து யாராவது மாஞ்சா நூல் என்று போலீசுக்குப் போன் போடலாம். முதல் நாளே ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, நூலைத் தொட்டுப் பார்க்கக் கொடு.

இப்போதைக்கு ஒரு வேலை செய். மாசியில் எப்படிப் பின்னுவாயோ அப்படியே ஜடை போட்டுக்கொண்டு, புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பை வைத்துத் தலையைச் சுற்றி அள. சென்டிமீட்டரில் எழுதி வாட்ஸாப்பில் அனுப்பு. ஹெல்மெட் என் செலவு. பட்டம் உன் காசில்.

அன்புடன்,
அத்தை