மைனரின் சம்மதமும் பெற்றோரின் கையெழுத்தும்

ஜித்ராவில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவரின் வீட்டை மனத்திலே எண்ணிப் பாருங்கள். மகனுக்கு வயது 16. சில மாதங்களாக உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, பள்ளிக்கூடமும் போவதில்லை. ஒரு நாள் அவனே, "வாப்பா, என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்" என்கிறான். தந்தையோ, "கடைத்தெரு என்ன பேசும்?" என்று தயங்குகிறார். இவ்விடத்தில் சட்டம் யாது கூறுகிறது?

மலேசியாவின் மனநலச் சட்டம் 2001-ல் இயற்றப்பட்டு, 2010-ல் அமலுக்கு வந்தது. மனநோய் ஆஸ்பத்திரியில் சுயவிருப்பத்தின் பேரில் சேர அது வழி வைத்திருக்கிறது. 18 வயது நிரம்பியவர் தாமே கேட்டுக்கொள்ளலாம். அதற்குக் குறைந்தவருக்காகப் பெற்றோர் அல்லது காப்பாளரே கோர வேண்டும். ஆகவே, 16 வயதுப் பையனின் சம்மதம் மட்டும் போதாது. "சுயவிருப்பம்" என்று ஏட்டில் எழுதப்பட்டாலும், அது உண்மையில் பெற்றோரின் விருப்பமேயாகும்.

பெற்றோர் காரணமின்றி மறுத்தால்? 2001-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பிள்ளையின் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து உண்டென்று டாக்டர் எழுத்து மூலம் சான்றளித்தால், சமூகநல இலாகாவின் பாதுகாவல் அதிகாரி சிகிச்சைக்கு அனுமதி தரலாம். பெற்றோர் நியாயமின்றி மறுத்தாலும், அவர்களைக் கண்டுபிடிக்க இயலாவிட்டாலும் இது பொருந்தும்.

நம்மவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரிலிருந்து வந்த மருமகன் மாமாவின் வீட்டிலே வளர்கிறான். பெற்றோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சோறு போட்டு வளர்ப்பவர் என்பதாலேயே மாமா சட்டப்படி காப்பாளராகிவிட மாட்டார். கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்பதை, ஆபத்து வரும் முன்னரே வக்கீலிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

பிற நாடுகளின் நிலையையும் சிறிது பார்ப்போம். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மைனரைச் சேர்க்கக் காப்பாளர் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. இரு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து, அவசியம் என்று முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கலாகாது. காப்பாளரோ அவர் நியமித்தவரோ உடன் தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்கும் அறிவிக்க வேண்டும். இங்கிலாந்திலோ, தெளிந்து முடிவு செய்யக்கூடிய 16, 17 வயதினரின் சம்மதமே செல்லும். அவர்கள் மறுத்தால், பெற்றோர் சம்மதித்து அதை மாற்ற முடியாது.

நம் நாட்டுச் சட்டம் பெற்றோரின் கையிலே பேனாவைக் கொடுத்திருக்கிறது. அதனால் பொறுப்பும் அவர்களுடையதே. 1911-ல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியின் பெயரை நம் கடைகளில் ஏளனமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. எல்லாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

பிள்ளை உதவி கேட்டால், அவன் பேச்சை முழுவதும் கேளுங்கள். டாக்டரிடம் அவனும் பேசட்டும். சிகிச்சை இன்னதென்று அவனுக்கும் விளங்கச் சொல்லும்படி கேளுங்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு தவறினால் இரவெல்லாம் விழித்துத் தேடுகிறோம். நம்மிடம் அமானிதமாக வந்த பிள்ளைக்கு அவ்வளவு கவனமாவது வேண்டாமா?