பருந்துக்கு வைத்தியம்

பருந்து நமக்குப் புதிதல்ல. வானத்தில் வட்டமிடும். கோழிக்குஞ்சைக் கண்டால் சட்டென்று இறங்கித் தூக்கிக்கொண்டு போகும். அதனால் பருந்து என்றாலே நமக்குக் கோபம். அதே பருந்து இறக்கை அறுந்து தெருவில் கிடந்தால் என்ன செய்வோம்?

தில்லியில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே கரும்பருந்துகள் ஏராளம். இறைச்சிக் கழிவையும் செத்த எலியையும் அவை தின்றுவிடும். சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர் என்றே சொல்லலாம்.

ஆகஸ்டு 15 சுதந்திர தினம். அந்த நாட்களில் தில்லியில் மாடிக்கு மாடி பட்டம் பறக்கும். ஒருவர் பட்டத்தை மற்றவர் அறுக்க வேண்டும். அதுதான் போட்டி. அதற்காக நூலில் பசையோடு கண்ணாடித் தூளைப் பூசுகிறார்கள். இதுதான் மாஞ்சா. நைலான் மாஞ்சா இன்னும் கொடியது. எளிதில் அறாது, மழையில் மட்காது. பட்டம் போன பிறகும் மரக்கிளையில் மாதக்கணக்கில் தொங்கும்.

வேகமாக வரும் பருந்துக்கு அந்த நூல் தெரிவதில்லை. இறக்கையின் முன் ஓரத்தில் தோல் மடிப்பு ஒன்று உண்டு. அதற்குள் தசைநாண் ஓடுகிறது. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்றது. மாஞ்சா அதை அறுத்துவிடும். சில சமயம் எலும்பு வரை வெட்டும். பறவை துடிக்கத் துடிக்க நூல் இன்னும் இறுகும்.

தில்லி செங்கோட்டைக்கு எதிரே பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. ஜைனக் கோயிலைச் சேர்ந்தது. புறாவும் கிளியும் அங்கே தங்கிக் குணமாகும். புலால் உண்ணும் பறவையைத் தங்க வைக்க மாட்டார்கள். அது அவர்கள் கொள்கை. அப்படியானால் பருந்து எங்கே போகும்?

நதீம் ஷெசாத், முகமது சவூத் இருவரும் அண்ணன் தம்பி. 2003ஆம் ஆண்டில் அடிபட்ட பருந்துகளை வீட்டுக்கே கொண்டுவரத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர் அல்லர். சோப்புத் திரவம் ஊற்றும் டப்பா செய்வது அவர்கள் தொழில். இளம் வயதில் உடற்பயிற்சியில் ஆசை இருந்தது. அதில் தசையைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். அந்த அறிவு இறக்கையைத் தைக்க உதவியது! இதுவரை 20,000க்கும் மேற்பட்ட பறவைகள் அவர்களிடம் வந்துள்ளன. 2022ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றி ஒரு படமும் வெளிவந்தது.

தைத்தவுடன் பருந்து பறந்துவிடாது. காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். கட்டுப் போட்ட இறக்கை மரத்துப்போயிருக்கும். அதனால் மொட்டை மாடியில் பெரிய கூண்டில் விடுகிறார்கள். அங்கே மெல்ல மெல்லப் பறந்து பழகும். தெம்பு வந்தபின் வெளியே போகும். எல்லாப் பருந்துக்கும் அந்த நாள் வருவதில்லை. தசைநாண் முழுதும் அறுந்தால் பறப்பது அரிது.

2017ஆம் ஆண்டில் தில்லி அரசு மாஞ்சாவைத் தடை செய்தது. அதே ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் கள்ளத்தனமாக விற்கிறார்கள். மாஞ்சாவில் கழுத்து அறுந்து மனிதரும் இறந்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் அடிபட்ட பருந்தைக் கண்டால் அலகுக்குப் பயப்படாதீர்கள், நகத்துக்குப் பயப்படுங்கள். தடித்த துணியைப் போர்த்தி, கால்களைச் சேர்த்துப் பிடியுங்கள். இறக்கையில் சிக்கிய நூலை இழுக்காதீர்கள். இழுத்தால் இன்னும் அறுக்கும். கத்தரியால் இரு பக்கமும் வெட்டிவிட்டால் போதும். அட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு உள்ளே வைத்து மூடுங்கள். இருட்டில் பறவை அமைதியாக இருக்கும். பால், சோறு எதுவும் ஊட்ட வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள். பருந்தை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.