பணிபுரியும் மகளிர்க்குச் சட்டப் பாதுகாப்பு

விரும்பிய தொழிலை மேற்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டம் பெண்களுக்கும் வழங்கியுள்ளது. ஆயினும், பணியிடத்தில் மானத்துடன் இருக்க இயலாதபோது அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது. எனவே, பாலியல் துன்புறுத்தலைத் தனிமனித ஒழுக்கக் கேடாக மட்டும் கருதலாகாது. அது பெண்களின் சமத்துவத்தையும் பிழைப்பையும் பறிப்பதாகும்.

சட்டம் உருவான வரலாறு

1992இல் இராஜஸ்தானின் சிற்றூர் ஒன்றில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பெண் பணியாளர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். இதையொட்டி மகளிர் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையிலான உச்ச நீதிமன்ற ஆயம் 1997 ஆகஸ்டு 13 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் இயற்றப்படும் வரை பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளையும் அது வகுத்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

இரு குழுக்கள்

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். மூத்த பெண் அலுவலர் ஒருவர் அதன் தலைவராவார். உறுப்பினருள் பாதிப் பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெற வேண்டும். குழு அமைக்கத் தவறும் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் பணிபுரிவோரும், முதலாளி மீதே புகார் கூறுவோரும் மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழுவை அணுகலாம். வீட்டு வேலை செய்வோர்க்கும் இதுவே வழி. தினக்கூலி, ஒப்பந்தப் பணியாளர், பயிற்சி பெறுவோர் ஆகிய அனைவரையும் சட்டம் காக்கிறது.

புகாரும் விசாரணையும்

நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தருதல் வேண்டும். தக்க காரணம் இருப்பின், மேலும் மூன்று மாதம் வரை குழு கால நீட்டிப்பு வழங்கலாம். எழுத இயலாதவருக்குக் குழுவினரே உதவக் கடமைப்பட்டவர்கள். விசாரணை 90 நாட்களில் முடிவுற வேண்டும். முடிவுற்ற 10 நாட்களில் அறிக்கை தரப்படல் வேண்டும். பரிந்துரை மீது 60 நாட்களில் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். விசாரணை நடைபெறும் காலத்தில், புகார் தந்தவர் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கோரலாம். அவருடைய பெயரை வெளியிடலாகாது. புகாரை மெய்ப்பிக்க இயலாமை ஒன்றே அவரைத் தண்டிக்கப் போதிய காரணமாகாது.

நிருவாகத்தின் கடமை

சட்டத்தின் பயன் பெரிதும் மாவட்ட நிருவாகத்தைப் பொறுத்தது. வயல், செங்கற்சூளை, சிறு பட்டறை, பிறர் இல்லம் ஆகியவற்றிலேயே பெண்களுள் பெரும்பாலோர் உழைக்கின்றனர். இவற்றுள் பலவற்றில் உள்ளகக் குழு என்பதே இல்லை. அவர்களுக்குரிய உள்ளூர்க் குழு அமைக்கப்படாவிடினும், அமைக்கப்பட்டது அறிவிக்கப்படாவிடினும், எங்கே செல்வது என்று தேடுவதிலேயே புகாருக்குரிய மூன்று மாதமும் கழிந்துவிடும்.

நடைமுறையில் உள்ள இக்குறையை 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மாவட்ட அலுவலர்களை 2024 டிசம்பர் 31க்குள் நியமிக்கவும், உள்ளூர்க் குழுக்களை 2025 ஜனவரி 31க்குள் அமைக்கவும் 2024 டிசம்பர் 3 அன்று ஆணையிட்டது.

குழுவை அமைப்பதோடு கடமை முடிந்துவிடாது. வட்டந்தோறும் புகார் பெற்று ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்பும் தொடர்பு அலுவலரின் பெயரை ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் அவ்வட்டார மொழியில் எழுதி வைத்தல் நலம். வேலை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தில் வாய் மூடியிருக்கும் பெண், யாரிடம் சொல்வது என்பதை அறிந்தால்தான் முதல் அடியை எடுத்து வைப்பாள்.