ஹூரன் ஏரியில் சுழியோடத் தயங்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

நிலாவெளிப் புறாமலையில் சுழியோடப் பழகியவர் நீங்கள். பவளப்பாறையும் வண்ண மீன்களும் பார்த்த கண்ணுக்குக் கனடாவின் ஏரிகளில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு முகமூடியையும் காற்துடுப்புகளையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பவளம் இல்லைதான். மீனும் அதிகம் கண்ணில் படாது. ஆனால் கடல் விட்டுவைக்காத ஒன்றை இந்த ஏரிகள் முழுதாக வைத்திருக்கின்றன: மரக்கப்பல்கள். உப்புநீரில் மூழ்கிய மரக்கலத்தைக் கப்பற்புழு துளைத்துத் துளைத்தே இல்லாமல் ஆக்கிவிடும். சேற்றிலும் மணலிலும் புதைந்த பகுதி தப்பினால் உண்டு. நன்னீரில் அந்தப் புழு உயிர்வாழாது. அதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. நன்னீர் 4 பாகை செல்சியஸை ஒட்டித்தான் ஆகக் கூடிய அடர்த்தி பெறுகிறது. அதனால் அந்தக் குளிர்நீர் அடியில் இறங்கி, மேலே மக்கள் குளித்து விளையாடும் ஓகஸ்ட் மாதத்திலும் ஆழத்தில் அப்படியே கிடக்கிறது. மரத்தை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே மிக மெதுவாகத்தான் வேலை செய்ய முடியும்.

ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போனால் ஹூரன் ஏரிக்கரை ஊரான ரொபர்மோரி. அங்கே 1987இல் அமைந்த ஃபதொம் ஃபைவ் தேசிய நீரியல் பூங்காவில் 20க்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றில் சுவீப்ஸ்ரேக்ஸ் என்பது 1867இல் ஒன்ராறியோவின் பேர்லிங்ரனில் கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல். 36 மீற்றர் நீளம். நிலக்கரி ஏற்றி வந்தபோது கோவ் தீவருகே சேதமடைந்து, பிக் ரப் துறைக்கு இழுத்துவரப்பட்டு, 1885இல் அங்கேயே மூழ்கியது. அது கிடக்கும் ஆழம் வெறும் 6 மீற்றர்தான். கண்ணாடி அடித்தளம் போட்ட படகுகளில் போகிறவர்கள்கூட மேலிருந்தே பார்த்துவிடுகிறார்கள். ஆனால் பக்கவாட்டில், பலகைகளின் மட்டத்துக்கு இறங்கிப் பார்ப்பது வேறு அனுபவம். நங்கூரம் இழுக்கும் உருளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. தச்சர்கள் விலாமரத்தோடு பலகையைப் பொருத்திய விதத்தை இன்றும் படிக்கலாம்.

நீங்கள் அடிக்கடி நடக்கப் போகும் ஒன்ராறியோ ஏரியின் மறுகரைப் பக்கம் ஹமில்ரன், ஸ்கேர்ஜ் என்ற இரு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. 1813 ஓகஸ்ட் 8ஆம் நாள் திடீர்ப் புயற்காற்றில் கவிழ்ந்தவை. சுமார் 90 மீற்றர் ஆழத்தில் பீரங்கிகளோடும் முகப்புச் சிலைகளோடும் நிமிர்ந்தே இருக்கின்றன. மாலுமிகளின் எலும்புகளும் அங்கேதான். அனுமதியின்றி யாரும் அங்கே இறங்கக் கூடாது என்று ஒன்ராறியோ சட்டம் சொல்வது முற்றிலும் நியாயம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் நான் சொல்லியே ஆகவேண்டியவை. மரத்தைக் காக்கும் அதே குளிர் உங்களைக் கொல்லவும் கூடும். நிலாவெளியில் மெல்லிய உடையோடு இறங்கியிருப்பீர்கள். இங்கே மேற்பரப்பில் இதமாக இருக்கும் நீர், கீழே போகப் போக ஓர் எல்லையில் சட்டென்று மாறும். அந்த எல்லையில் இரு நீரும் கலக்காமல் கானல்போல் நெளிவதைக் கண்ணாலேயே காணலாம். அதற்குக் கீழே நனையாத உடையும், தடித்த கையுறையும், தலையுறையும் வேண்டும்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேற்றரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று அதன் முதற்கட்டத்தில் சுமார் 10 பாருக்குச் சட்டென்று விரிகிறது. விரியும் காற்று கடுமையாகக் குளிரும். சுற்றியுள்ள நீரே 4 பாகையில் இருந்தால் உள்ளே பனிக்கட்டி பிடித்து, வால்வு மூடாமல் நின்றுவிடலாம். அப்போது காற்று நிற்காமல் கொட்டிச் சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகும். ஆகவே குளிர்நீருக்கென்று அடைப்பிட்ட ரெகுலேற்றரே வேண்டும். நீருக்கு மேலே அதில் மூச்செடுத்துப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும் அதே நேரத்தில் உடைக்குள் காற்று ஏற்றாதீர்கள். கொட்டும் ரெகுலேற்றரிலிருந்து மூச்செடுத்தபடி, துணைவரோடு நிதானமாக மேலேறும் பயிற்சியை ஆழமற்ற நீரில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கை மரத்த பிறகு புதிதாக எதையும் கற்க முடியாது.

இடுப்பில் கட்டும் ஈயத்தின் கணக்கும் மாறும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது. உடலும் கருவிகளுமாக 100 கிலோ வரும் ஒருவருக்கு, கருவிகள் மாறாதவரை, ஏரியில் இரண்டரைக் கிலோ ஈயம் குறைத்தாலே போதும். ஆனால் நனையாத உடைக்குள் காற்று நிற்பதால் அதற்கெனக் கூட்டவும் வேண்டும். கரையோரத்தில் மிதந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

நீர் கண்ணாடித் தெளிவாக இருப்பதைக் கண்டு மகிழ்வீர்கள். அதன் காரணம் எனக்குக் கவலை தருவது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்த வேற்று நாட்டு நீரோடு ஸீப்ரா மட்டிகள் வந்து சேர்ந்தன. 1988இல் சென் கிளேயர் ஏரியில் முதலில் கண்டார்கள். பின்னாலேயே குவாகா மட்டிகளும் பரவின. அவை நீரை வடிகட்டி நுண்ணுயிர்ப் பாசியைத் தின்றுவிடுவதால் மீன் குஞ்சுகளுக்கு இரை குறைகிறது, நீர் தெளிகிறது. அதே மட்டிகள் கப்பல்களின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, செதுக்கிய எழுத்தையும் ஆணித் தலையையும் மறைக்கின்றன. சுண்ணச்சத்துக் குறைந்த சுப்பீரியர் ஏரியில் மட்டும் அவை பெரிதாகப் பெருகவில்லை.

மட்டிகளைத் தடுப்பது நம் கையில் இல்லை. நம் கைகளைத் தடுக்கலாம். ஸ்கூபா பரவத் தொடங்கிய பத்தாண்டுகளில் சுழியோடிகள் நங்கூரத்தையும், சுக்கானையும், பீங்கானையும் வீட்டு அலங்காரத்துக்குத் தூக்கிப் போனார்கள். நூறாண்டு குளிரில் பிழைத்த பொருள் ஒரு விடுமுறை நாளில் காணாமற்போயிற்று. இன்று பூங்காவில் ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. கப்பலின் உள்ளே நுழையவும் வேண்டாம்: நீங்கள் விடும் குமிழிகள் மேல்தளத்தின் அடியில் சிக்கிப் பலகையைத் தள்ளும். காற்துடுப்பைத் தவளைபோல் பக்கவாட்டில் உதையுங்கள், வண்டல் கிளம்பாது.

இந்தக் குளிர்காலத்திலேயே நனையாத உடைப் பயிற்சியில் சேருங்கள்; பல சங்கங்கள் உள்ளரங்கு நீச்சல் குளத்தில் தொடங்கிவைக்கின்றன. ரொபர்மோரிக்கு ஓகஸ்ட் பின்பாதியில் போங்கள். இறங்குமுன் பூங்கா நிர்வாகத்திடம் பதிவு செய்தாக வேண்டும். அறைகள் வசந்தத்திலேயே நிரம்பிவிடும் ஊர் அது, முந்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்.