காகிதத்தில் குதிரை வீரன் செய்ய வருகிறவர்களுக்கு

நவராத்திரி நெருங்கினால் முடிச்சூர்ப் பிள்ளைகள் கொலுவுக்குக் காகித பொம்மை செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நிற்பார்கள். பாதிப் பேருக்குக் குதிரைமேல் வீரன்தான் வேண்டும். நாலு மெலிந்த கால், அதன்மேல் குதிரையின் உடல், அதற்கும் மேல் ஓர் ஆள். காகிதத்துக்கு அது பெரிய பாரம். அதனால் தொடங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

1. கத்தரியை எடுக்குமுன் கல்லைப் போய்ப் பாருங்கள். தாம்பரத்தில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் விஜயநகரக் காலத்துக் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் போக முடிந்தவர்கள் சேஷராயர் மண்டபத்தையும் பாருங்கள். அங்கே தாவும் குதிரைகளின் முன்னங்காலுக்கு அடியில் காலாட்படை வீரர்களும் பாய்கிற விலங்குகளும் இருக்கும். கதையும் ஆயிற்று, தூக்கிய காலுக்குத் தாங்கலும் ஆயிற்று. கல்லில் வேலை செய்தவர்களே தாங்கல் கொடுத்திருக்கும்போது, காகிதக் குதிரைக்கு அடியில் ஒரு புதரோ விழுந்த கேடயமோ வைக்க நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

2. முதல் குதிரைக்கு நாலு காலும் தரையில் இருக்கட்டும். சென்னை தீவுத்திடல் பக்கம் 1839இல் நிறுவிய தாமஸ் மன்றோ சிலை அப்படித்தான் நிற்கிறது. பிரான்சிஸ் சாண்ட்ரி செய்தது. அதில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அதனாலேயே மன்றோவின் தொடை குதிரையின் விலாவில் எப்படிப் படிகிறது என்பது மறைவில்லாமல் தெரியும். நீங்கள் செய்யும் வீரனும் குதிரையைக் கவ்வி உட்கார வேண்டும். மேலே வைத்த மாதிரி இருந்தால் மற்ற வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுபடாது.

3. ஐரோப்பிய நைட் வேண்டும் என்று கேட்பவர்களை நான் தடுப்பதில்லை. புதிதாகச் செய்பவர்களுக்கு உண்மையில் அதுவே சுலபம். அந்தக் குதிரைமேல் முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் துணிப் போர்வை கால்களை மறைத்துவிடும். உள்ளே அட்டைப்பட்டை கொடுத்துத் தாங்கலாம், வெளியே தெரியாது. பொய்க்கால் குதிரையில் ஆடுபவரின் காலைத் துணி மறைக்கிறதே, அதே உபாயம்தான்.

4. உடலுக்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் தாள். கடிவாளம், பிடரி போன்ற சின்ன வளைவுகளுக்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இணங்கும், இன்னொரு பக்கம் முரண்டும். இணங்குகிற பக்கமாகக் குதிரையின் வயிறு உருள வேண்டும்.

5. மடிக்கும் கோடுகளை எல்லாம் வெட்டுவதற்கு முன்பே, ஸ்டீல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கீறிவிடுங்கள். வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரியும். அதே நிறக் கலர் பென்சிலை ஓரத்தில் ஓட்டிய பிறகே ஒட்டவேண்டும். ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சியால் மெல்லிசாகத் தடவுங்கள். அதில் தண்ணீர் இருக்கிறது. அதிகமானால் தாள் ஊதிக்கொள்ளும்.

6. பின்னங்காலில் மட்டும் நிற்கும் குதிரை செய்யத் துணிந்துவிட்டால், எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சியைக் காலுக்குள் செருகிப் பீடத்தின் அட்டைவரை இறக்குங்கள். பீடத்துக்குள் இரும்பு வாஷர்கள் வைத்து ஒட்டுங்கள். தலையும் முன்காலும் வெறும் கூடாக இருக்கட்டும். பாரம் எல்லாம் கீழே.

7. செஞ்சிக் கோட்டைத் தேசிங்கு ராஜாவைச் செய்கிறவர்களிடம் எனக்குத் தனிப் பிரியம். ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி 1714இல் களத்தில் மாண்ட இளைஞன். நைட்டின் இரும்புக் கவசத்தை அப்படியே எடுத்து அவனுக்கு மாட்டிவிடாதீர்கள். தலைப்பாகை, இடைக்கச்சை, வளைந்த வாள், வட்டக் கேடயம் போதும். பக்கத்தில் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். கொலு பார்க்க வருகிற குழந்தைகள் கேட்பார்கள்.

8. கொலுவில் குத்துவிளக்கிலிருந்து நன்றாக எட்ட வையுங்கள். இதில் சமாதானமே கிடையாது. கண்மட்டத்துப் படி, சற்றுக் கோணலாகத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. நேர்முகமாக வைத்தால் குதிரையின் நீளம் தெரியாமல் போகும்.

9. கொலு முடிந்த கையோடு ஐப்பசி மழை வந்துவிடும். ஈரத்தில் காகிதம் தொய்யும், ராமபாணப் பூச்சி வரும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி நம் முடிச்சூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பெரியவர்களிடம் கேளுங்கள். நனைந்த காகிதத்தைத் திரும்ப நிமிர்த்த முடியாது. பொம்மையின் பாகங்களை அச்சிட்ட தாளில் வெட்டாத ஒரு பிரதியை மடிக்காமல் தனி ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் ஒரு கால் ஒடிந்திருந்தால் அந்தக் காலை மட்டும் செய்து மாற்றிக்கொள்ளலாம்.