பிறை நிலா ஏன் சாய்ந்து சாய்ந்து தெரிகிறது?



இம்முறை அறிவியல் பாடத்தை ஒரு பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை அது. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இது இரண்டாவது வருஷம். பிள்ளை அம்மாயியோடு லயத்தில் இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம், "அழாத புள்ள, அம்மா பாக்குற நிலாவத்தானே நீயும் பாக்குற" என்று தாய் தேற்றுவது வழக்கம்.

புரட்டாசியில் ஒரு நாள் தாய் அங்கு தெரிந்த பிறையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். படத்தில் பிறை, கவ்வாத்துக் கத்தியைச் சுவரில் சாத்தி வைத்த மாதிரி, ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. அன்று மாலை பிள்ளை லயத்து வாசலில் நின்று பார்த்த பிறையோ, ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்த தோணி மாதிரிக் கிடந்தது. பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "அம்மா பொய் சொல்லுது. அங்க இருக்கிறது வேற நிலா" என்று சொல்லி, இரண்டு நாள் போன் பக்கமே வரவில்லையாம்.

சேமலாப நிதிக் கடிதம் ஒன்று எழுத வந்த அம்மாயிதான் இதை எங்களிடம் சொன்னார். போகும்போது, "ஐயா, நெசமாவே நிலா ஒண்ணுதானே?" என்று கேட்டார். ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பினோம். ஆனால் ஏன் இரண்டு விதமாகத் தெரிகிறது என்று அந்த நேரத்தில் நமக்குச் சொல்ல வரவில்லை என்பதே உண்மை. பிறகு வாசித்தும், பல இரவுகள் வாசலில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிறையின் இருட்டுப் பகுதி பூமியின் நிழல் என்று பலர் நினைத்திருக்கிறோம். அது பிழை. பூமியின் நிழல் நிலவில் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும்தான். மற்ற நாட்களில் நிலா ஒரு பந்து. சூரியனைப் பார்த்த பாதி வெளிச்சம், மறுபாதி இருட்டு. ஒரு தோடம்பழத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் பிறையும் தெரியும், அரை நிலாவும் தெரியும். ஆகவே நிலவின் வெளிச்ச முகம் எப்போதும் சூரியன் இருக்கிற திசையையே பார்க்கும். மாலையில் சூரியன் மலைக்குக் கீழே இறங்கிய பிறகு பிறையைப் பார்க்கிறோம். சூரியன் கீழே, அதனால் வெளிச்சமும் கீழ்ப்பக்கம். தோணி வந்தது இப்படித்தான்.

இனி, ஒரே ராத்திரிக்குள் நிலா திரும்புவதைப் பார்ப்போம். இதற்கு நம் காம்பராவில் இருக்கிற பல்லியே போதும்.

பல்லி கிழக்குச் சுவரில் ஏறுகிறது. தலை மேலே, வால் கீழே. கூரையைக் கடந்து மேற்குச் சுவரில் இறங்குகிறது. இப்போது தலை கீழே, வால் மேலே. பல்லி நடுவழியில் திரும்பிப் படுத்ததா? இல்லை. தலையை முன்னே நீட்டிக்கொண்டு நேராகத்தான் போனது. கீழே நிற்கிற நாம்தான் முதலில் கிழக்கே பார்த்தோம், பிறகு மேற்கே திரும்பிப் பார்த்தோம். நிலாவும் அப்படியே. நானுஓயா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருப்பதால், நிலா கிழக்கே ஏறி, நம் தலைக்கு மேலேயோ அதற்குச் சற்றுப் பக்கமாகவோ போய், மேற்கே இறங்குகிறது. முன்னே போகும் மேற்கு விளிம்பு அதன் தலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்பிறையில் வெளிச்சம் தலைப்பக்கம். தேய்பிறையில் வெளிச்சம் வால்பக்கம். வளர்பிறை அட்டமியன்று மாலை ஆறரைக்கு வெளியே வந்தால் அரை நிலா உச்சியில் நிற்கும், வெளிச்சம் மேற்குப் பக்கமாக. பதினொரு மணிக்குப் பார்த்தால் மேற்கே தாழ்ந்திருக்கும். அப்போது தலை கீழே போய்விடுவதால், பாதித் தேங்காயை மூடு கீழாக வைத்த மாதிரி வெளிச்சப் பாதி கீழே இருக்கும். தேய்பிறை அட்டமி நிலா நடுச்சாமத்தில் கிழக்கே எழும்பும். வால் கீழே இருப்பதால் அதுவும் அதே தேங்காய்ப் பாதிதான். விடிகாலை பெரட்டுக்குப் போகிற நேரத்தில் அது உச்சிக்கு வந்து, வெளிச்சத்தைக் கிழக்குப் பக்கம் காட்டிக்கொண்டு நிற்கும்.

போயா நாளில் இதைப் பார்ப்பது இன்னும் சுலபம். எப்படியும் அன்று விடுமுறை. மாலையில் முழு நிலா எழும்பும்போது அதில் இருக்கிற முயலைப் பிள்ளைகள் ஒரு தாளில் வரையட்டும். மறுநாள் விடியப்புறம் நிலா கிரேட் வெஸ்டர்ன் மலைப் பக்கம் இறங்கும்போது அதே தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முயல் கிட்டத்தட்டத் தலைகீழாக இருக்கும். (பனி மூடாமல் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். நாங்கள் மூன்று போயா காத்திருந்துதான் ஒன்றைப் பார்த்தோம்.)

குவைத்துக்கு வருவோம். ஒரு பூசணிக்காயை எடுத்துக் காம்பை மேலே வையுங்கள். காம்பு வட துருவம். நடுவில் சுற்றிவர ஒரு கரிக்கோடு போடுங்கள். அது பூமத்திய ரேகை. கோட்டுக்குச் சற்று மேலே ஒரு நெருப்புக்குச்சியைச் செங்குத்தாகக் குத்துங்கள். அது நானுஓயாவில் நிற்கிற பிள்ளை. இன்னும் கொஞ்சம் மேலே மற்றொன்று. அது 29 பாகையில் உள்ள குவைத்தில் நிற்கிற தாய். இரண்டு பேரும் தங்கள் ஊரில் நேராகத்தான் நிற்கிறார்கள். ஆனால் குச்சிகளைப் பாருங்கள், ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு 22 பாகை, அதாவது ஒரு செங்கோணத்தில் ஏறக்குறையக் கால் பங்கு.

நிலா அசையவில்லை. பார்க்கிறவரின் தலைதான் சாய்ந்திருக்கிறது. பூசணிக்காய் வெட்டுவதற்கு வேண்டும் என்றால், இதற்கு இன்னொரு வழியும் உண்டு. மாலைப் பிறையைப் பார்த்துக்கொண்டே உங்கள் தலையை வலது தோள் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். தோணி நிமிரத் தொடங்கும். கொஞ்சம் சாய்த்தால் குவைத் நிலா. 51 பாகைக்கும் அப்பால் இருக்கிற லண்டன் நிலா வேண்டுமென்றால் கழுத்து வலிக்கும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். அங்கே புரட்டாசிப் பிறை ஏறக்குறைய நேராகவே நிற்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 34 பாகையில் இருக்கிற சிட்னியில் உறவினர் இருந்தால் தலையை இடது தோள் பக்கம் சாயுங்கள். அங்கே வளர்பிறை அரை நிலாவை வடக்குப் பார்த்து நின்று பார்ப்பார்கள். வெளிச்சம் இடப்பக்கம் இருக்கும்.

புத்தகங்களிலும் கொடிகளிலும் நிமிர்ந்த பிறையையே அதிகம் காண்கிறோம். அதை மட்டும் பார்த்துப் பழகிவிட்டு, நம்ம பிள்ளைகள் தோணி மாதிரிப் பிறை வரைந்தால் பிழை போட்டுவிடக் கூடாது என்று ஆசிரியர்களைத் தயவாகக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளை வாசலில் கண்டதைத்தான் வரைந்திருக்கிறது.

இப்போது பெரியவர்கள் சொல்லும் கொம்புக் கதைக்கு வருவோம். மூன்றாம் பிறையைக் கண்டால் கைகூப்பிவிட்டு, எந்தக் கொம்பு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பது நம் மக்களிடையே பழைய வழக்கம். வடகொம்பா தென்கொம்பா என்பதை வைத்து மழையும் விளைச்சலும் சொல்லுவாங்க. இது படிக்காதவர்களின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய வானநூலான சூரிய சித்தாந்தத்தில் சந்திரனின் உதயம், அஸ்தமனம், கொம்புகளின் உயரம் ஆகியவற்றைக் கணக்கிட ஓர் அத்தியாயமே உண்டு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்கிதையில் தோணிப் பிறை, கலப்பைப் பிறை என்று பெயர் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பலனும் எழுதிவைத்தார். அவர்களுடைய கண் கூர்மையான கண். ஆனால் பலனை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மாலையில் மேற்குப் பார்த்து நில்லுங்கள். வலக்கைப் பக்கம் பீதுருதலாகல மலை, அது வடக்கு. இடக்கைப் பக்கம் ஹோர்ட்டன் சமவெளி, அது தெற்கு. சூரியன் வருஷம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனியில் வலப்பக்கம் தள்ளி இறங்கும். மார்கழியில் இடப்பக்கம் தள்ளி இறங்கும். மூன்றாம் பிறை நிற்கிற இடமோ, சூரியனுக்கு ஏறக்குறைய ஒரு ராசி முன்னால். அதாவது சூரியன் இன்னும் ஒரு மாதத்தில் போய்ச் சேரப்போகிற இடத்தில் நிலா இன்றே நிற்கிறது.

மாசி, பங்குனியில் சூரியன் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே முன்னால் நிற்கிற பிறை சூரியனுக்குச் சற்று வலப்பக்கம். வெளிச்ச முகம் கீழே இடப்பக்கமாகப் பார்க்கும், தென்கொம்பு உயரும். புரட்டாசி, ஐப்பசியில் சூரியன் தெற்கே போகிறது. பிறை இடப்பக்கம். வெளிச்சம் கீழே வலப்பக்கமாகப் பார்க்கும், வடகொம்பு உயரும். நாம் ரேகைக்கு வடக்கே இருப்பதால் புரட்டாசிச் சாய்வு பங்குனிச் சாய்வை விட அதிகம். சூரியன் திரும்புகிற ஆனி, மார்கழியை ஒட்டித் தோணி ஓரளவு மட்டமாக மிதக்கும். நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதாலும், அந்தச் சாய்வு 18 வருஷத்துக்குச் சற்று மேல் ஒருமுறை சுற்றி வருவதாலும், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடும் குறையும். அவ்வளவுதான்.

இப்போது நம் மழையைப் பாருங்கள். தை முதல் பங்குனி வரை நுவரெலியாப் பக்கம் வெயில் காலம். கொழுந்து குறையும், பேர் குறையும். ஐப்பசியில் மழை கொட்டும். ஆகவே தென்கொம்பு உயர்ந்தபோது காய்ந்ததும், வடகொம்பு உயர்ந்தபோது மழை பெய்ததும் பெரியவர்கள் கண்ணால் கண்ட உண்மைதான். ஆனால் நிலா மழையைச் சொல்லவில்லை, மாதத்தைத்தான் சொல்கிறது. நல்ல மழை வருஷத்திலும் ஐப்பசியில் வடகொம்புதான். மழை பொய்த்த வருஷத்திலும் ஐப்பசியில் வடகொம்புதான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குச் சில நாள் முன்புதான் மூன்றாம் பிறை. அந்தப் பிறையும், அதற்கு முந்திய வருஷத்து ஐப்பசிப் பிறையைப் போல, வடகொம்பு உயர்ந்துதான் நின்றது. அதில் எச்சரிக்கை எதுவும் இல்லை. எச்சரிக்கை மண்ணில் இருக்கும்: லயத்துக்கு மேலே நிலம் வெடிப்பது, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் திடீரென்று கலங்கல் ஊற்று வருவது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அறிவித்தல் விடுத்தால், "பிறை நல்லாத்தான் இருந்திச்சு" என்று எவரும் காம்பராவில் தங்கிவிட வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் வெளியே கொண்டுவாருங்கள்.

அம்மாயியையும் பிள்ளையையும் திரும்ப ஒரு மாலை சந்தித்தோம். பூசணிக்காய் கிடைக்கவில்லை, ஒரு தோடம்பழத்தில் குச்சி குத்திக் காட்டினோம். பிள்ளை உடனே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அவளே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்ப அம்மாவும் நானும் ஒரே நேரத்துல பாக்கலாமா?"

மூன்றாம் பிறையை முடியாது. குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே சூரியன் இறங்கிப் பிறை நன்றாகத் தெரிவதற்குள், நம்முடையது மலைக்குப் பின்னால் போய்விடும். வளர்பிறை ஏழு, எட்டு என்றால் முடியும். அந்த நிலா நடுச்சாமம் வரைக்கும் நமக்கு இருக்கும். ஆகவே இருவரும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அட்டமியன்று நமது நேரம் ஒன்பது மணிக்கு இங்கே பிள்ளை வாசலுக்கு வருவாள். அங்கே ஆறரை மணி, தாய் மாடிக்கு ஏறுவார். இருவரும் வரைந்து அனுப்பிக்கொள்கிறார்கள். பிள்ளையின் கொப்பியில் இடப்பக்கம் நானுஓயா நிலா, வலப்பக்கம் குவைத் நிலா. போன மாதத்துப் பக்கத்தில் இடப்பக்கம் காலியாக இருந்தது. அன்று இங்கே பனி.