பின்னே போகும் வழி எங்கே?

ஆண்ட்ராய்டை விட்டு ஐபோன் வாங்கினேன். அதே செயலிகள்தாம், ஆனால் ‘பேக்’ பொத்தானைக் காணோம், கிண்டிலில் புத்தகம் வாங்கவும் வழியில்லை. பழுது போனிலா, என்னிடமா? — வாசகி, திண்டுக்கல்

பழுது எதிலுமில்லை, அம்மணி. வீடு மாறியிருக்கிறீர்கள், வாசற்படி வேறு திசையில் இருக்கிறது, அவ்வளவே. கட்டைவிரலைத் திரையின் இடது விளிம்பில் வைத்து வலப்பக்கமாக மெல்ல இழுத்துப் பாருங்கள்: 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தது முதல் பெரும்பாலான செயலிகளில் முந்தைய பக்கம் அப்படித்தான் திரும்புகிறது, கீழிருந்து எழும்பி வந்த பக்கமானால் அதைக் கீழ்நோக்கித் தள்ளுதல் வேண்டும். ஆண்ட்ராய்டு பின்செல்லும் பொத்தானைத் தொடக்கத்திலிருந்தே போனின் அங்கமாக வைத்துக்கொள்ள, ஆப்பிளோ அந்தப் பொறுப்பை ஒவ்வொரு செயலியின் தலையிலும் சுமத்தி, மேலே இடது மூலையில் ஓர் அம்புக்குறியை இடச் செய்தது. இன்றைய பெரிய திரைகளில் அந்த மூலையை எட்ட விரலுக்கு யோகாப்பியாசமே தேவைப்படுகிறது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கிண்டில் விஷயம் இன்னும் சுவாரசியமானது. செயலிக்குள் விற்கப்படும் மின்னூல், இசை போன்ற சரக்குகளுக்கு 30 சதவீதம் வரை தரகு கேட்பது ஆப்பிளின் சம்பிரதாயமாதலால், அதைக் கொடுக்க மனமில்லாத அமேசான் 2011-இல் கடைக்குச் செல்லும் பொத்தானையே கிண்டிலிலிருந்து எடுத்துவிட்டது. அதே நிறுவனத்தின் கடைச் செயலியில் குக்கரோ சேலையோ தடையின்றி வாங்கலாம், ஏனெனில் கையால் தொடக்கூடிய பொருளுக்கு அந்தத் தரகு கிடையாது. ஆகவே சஃபாரியில் அமேசான் தளத்தைத் திறந்து, அதே கணக்கில் நுழைந்து நூலை வாங்குங்கள். பிறகு கிண்டிலைத் திறந்தால், அது உங்களுக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.